வாசகர் கேள்வி – பதில்: மாடிப்படியும் போதையும்

அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டில் விழுந்து நேரும் மரணங்கள் குறித்துக் காவிரிப் படுகை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளரும் அவசர சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து அளிக்கும் பதில்கள். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள குடியிருப்பு எங்களுடையது, லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் இருந்தவர் இரவு குடித்துவிட்டு வந்து படியில் உருண்டு இறந்துபோனார். "குடிச்சிருந்தாரு, விழுந்துட்டாரு" என்று சங்கக் கூட்டத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். படிக்கட்டில் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா?
– வாசகர், திருவாரூர்

கட்டாயம் செய்ய வேண்டும். அவர் தடுமாறியதற்குக் காரணம் மது. தடுமாறியவர் பிடித்து நிற்க முடியாமல் உயிர் போகும் அளவுக்கு விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் படிக்கட்டுதான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது அவர் கையில் இருந்தது. இரண்டாவது சங்கத்தின் கையில் இருக்கிறது. அதே படியில்தான் கர்ப்பிணியும், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையும், தண்ணீர் கேன் தூக்கி வருபவரும் ஏறி இறங்குகிறார்கள்.

மது உடம்பில் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான். ஒரு குவார்ட்டர் முழுதாக இறங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் ஆகும். குடித்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். கடை மூடும் பத்து மணிக்கு அவசரமாகக் குடித்தவர் தெருவில் ஓரளவு நன்றாக நடந்து வந்து, வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் உச்சபோதையில் இருப்பார். "நல்லாத்தானே நடந்து வந்தாரு" என்று வாட்ச்மேன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

போதையில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கெடுகின்றன. சிறுமூளையும் உள்காதும் தரும் சமநிலை உணர்வு குழம்புகிறது. படியின் விளிம்பு எங்கே என்று கண் கணிப்பது தவறுகிறது. விழும்போது கை தானாக முன்னே நீளும் அனிச்சைச் செயல் தாமதமாகிறது. மூன்றாவதுதான் உயிரைக் குடிக்கிறது. போதையில்லாதவர் விழுந்தால் மணிக்கட்டு முறியும். போதையில் இருப்பவருக்குத் தலை நேராகத் தரையில் மோதும். ஏறும்போது பின்பக்கமாகச் சாய்வது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் பின்மண்டை கீழ்ப்படியின் விளிம்பில் அடிபடும்.

இனி படிக்கட்டு. ஒரு இஞ்ச் டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியின் உயரத்தையும் (கொத்தனார் 'ரைசர்' என்பார்) அளந்து தாளில் எழுதுங்கள். வீடுகளுக்கு ரைசர் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் ட்ரெட் 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இரண்டு ரைசர், ஒரு ட்ரெட் மூன்றையும் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ.க்குள் வருவது நல்ல படி. ஆனால் இந்த அளவுகளைவிட முக்கியமானது, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. முதல் இரண்டு மூன்று படியிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொண்டு பிறகு பார்க்காமலே ஏறுகிறது. படியின் விளிம்பைத் தாண்டும்போது பாதத்துக்கும் விளிம்புக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரு படி மட்டும் 1 செ.மீ. கூடவோ குறையவோ இருந்தாலே இடறும்.

நம் பகுதியில் இந்தக் கோளாறு எங்கே வரும் என்று அளக்காமலே சொல்லலாம்: அடிப்படியிலும் கடைசிப் படியிலும். தெரு ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது; ஐப்பசி மழையில் வெள்ளம் உள்ளே வராமலிருக்கக் கீழ்த்தளத்தை உயர்த்திக் கான்கிரீட் போடுகிறோம்; அடிப்படி பாதி புதைந்துபோகிறது. மேலே வீட்டுக்காரர் லேண்டிங்கில் (படி வரிசை முடியும் சமதளத்தில்) பழைய மொசைக்குக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார். கடைசிப் படி இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்துவிடுகிறது. விழுபவர்கள் அதிகம் விழுவதும் இந்த முதல், கடைசிப் படிகளில்தான்.

சரிசெய்ய ஒரு கணக்கு. பத்து ரைசர் கொண்ட ஒரு வரிசையில் மற்றவை 17 செ.மீ., அடிப்படி மட்டும் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 163. பத்தால் வகுத்தால் 16.3. அப்படியானால் முதல் ட்ரெட்டில் 6.3 செ.மீ. ஏற்ற வேண்டும், இரண்டாவதில் 5.6, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 0.7 குறைத்துக்கொண்டே போனால் ஒன்பதாவதில் 0.7 வரும். எல்லாப் படியும் சமமாகிவிடும். தடிமன் 2 செ.மீ.க்குக் கீழே வரும் படிகளில் சாதாரண சிமெண்ட் கலவை பெயர்ந்துவிடும். அங்கே பாலிமர் கலந்த கலவையோ, டைல்ஸ் பசையில் ஒட்டிய கல்லோ போடுங்கள். படிக்கட்டு ஸ்லாபில் பாரம் கூடுவதால் வேலைக்கு முன் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். படி உயர்ந்த அளவுக்குக் கைப்பிடியையும் உயர்த்த மறக்காதீர்கள். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், இன்றைக்கே அந்தக் கோணல் படியின் விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள்.

என் கணவர் வாரத்தில் நாலைந்து நாள் குடித்துவிட்டு வருகிறார். நாங்கள் இரண்டாம் மாடி. நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே ஏற்றுகிறோம். ஒருநாள் படியில் விழுந்து தலையில் லேசாக அடி. மோர் கொடுத்துத் தூங்க வைத்தோம். காலையில் சரியாகிவிட்டார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மயிலாடுதுறை

அம்மா, அன்று தப்பித்தது அவருடைய நல்ல நேரம். இனி அப்படிச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். குடித்தவர் தலையில் அடிபட்டால் தூங்க வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் எளிமையானது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் வரும் அறிகுறிகள் குழறல், வாந்தி, தள்ளாட்டம், மயக்கம். போதையின் அறிகுறிகளும் அவைதான். வீட்டில் இருக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். நீண்டகாலம் குடிப்பவருக்கு மூளை சுருங்கியிருப்பதால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் அறுந்துவிடும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். சிலர் விழுந்த பிறகு எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார்கள், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நினைவு தப்பும். அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

உரத்த குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைக்க வேண்டாம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைப்பதன் சத்தமாக அது இருக்கலாம். தட்டி எழுப்பினால் கண் திறந்து பேர் சொல்ல வேண்டும். எழுப்ப முடியாவிட்டாலோ, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருந்தாலோ, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமோ வடிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் துவண்டாலோ, இரண்டாம் முறை வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 108க்குச் சொல்லும்போது "மாடிப்படியில் விழுந்தவர், தலையில் அடி, நினைவு இல்லை, இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை" என்று சொல்லுங்கள். ஸ்ட்ரெச்சரை எப்படி இறக்குவது என்று அவர்கள் தயாராக வருவார்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவது நல்லது. உங்களுக்குத் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மயக்க மருந்தின் அளவே அதைப் பொறுத்துத்தான் முடிவாகும். விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அது பதிவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

விழுந்தவரைக் கக்கத்தில் கை கொடுத்து, காலைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் தூக்கி மேலே கொண்டுபோவதும் ஆபத்து. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில் தண்டுவடம் அறுந்துவிடும். அசைக்காமல் அங்கேயே வைத்து, தலையையும் கழுத்தையும் இரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். வாந்தி வந்தால் மட்டும் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அதற்கு மூன்று பேர் வேண்டும், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வெட்கப்பட வேண்டாம். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் போதையை இறக்காது. அரைமயக்கத்தில் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும். தலையில் தண்ணீர் ஊற்றினால் உடல் சூடு குறைந்து நிலைமை மோசமாகும். அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மது சர்க்கரையைத் தாழ்த்தும், அந்த மயக்கமும் போதை போலவே தெரியும்.

விழாத நாட்களில் மேலே ஏற்றுவது பற்றி: நிலைகொள்ளாமல் இருப்பவரை ஏற்றாமல் இருப்பதே நல்லது. கீழ்த்தளத்தில் காற்றோட்டமான இடத்தில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அவருடைய ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும், பலமுள்ளவர் அவருக்கு ஒரு படி கீழே பக்கவாட்டில் நின்று இடுப்பைப் பிடிக்க வேண்டும். நேர் பின்னால் நின்றால் அவர் சாயும்போது இருவரும் சேர்ந்து விழுவீர்கள். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டால் காலில் சிக்கும், மடித்தபடியே இருக்கட்டும். செருப்பைக் கழற்றுங்கள். உங்கள் மகன் மட்டும் தனியாக இதைச் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாரம் ஒரு பிள்ளையின் தோளில் இருக்கக்கூடாது.

குடியை நிறுத்த அவர் ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்த வேண்டாம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதற்கடுத்த நாட்களில் கடும் குழப்பமும் வரலாம். அதுவும் படியில் விழச் செய்யும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்தலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி சொல்வார்கள்.

படிக்குப் புதிதாக எஸ்.எஸ். கைப்பிடி வைக்கப் போகிறோம். பெரிய சதுரப் பைப்பும், கீழே நான்கு படுக்கைக் கம்பியும் 'லுக்' நன்றாக இருக்கும் என்கிறார் பேப்ரிகேட்டர்.
– குடியிருப்புச் சங்கச் செயலாளர், கும்பகோணம்

இரண்டையும் மறுத்துவிடுங்கள். விழப்போகும் நொடியில் விரல்கள் கம்பியை முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு 38 முதல் 45 மி.மீ. உருண்டைப் பைப்தான் சரி; சதுரப் பைப்பில் கை வழுக்கும். படுக்கைக் கம்பி குழந்தைகளுக்கு ஏணியாகிவிடும். நேர்க்கம்பியாக, 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல் கேளுங்கள். மேல்பைப்பின் உயரம் 90 செ.மீ. முதல் 1 மீட்டர். சுவர்ப்பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டும், சுவருக்கும் பைப்புக்கும் நடுவே 5 செ.மீ. விட்டு. லேண்டிங் திரும்பும் இடத்தில் கைப்பிடி அறுபடாமல் தொடர வேண்டும். முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 30 செ.மீ. நீண்டு முனை சுவர்ப்பக்கம் வளைய வேண்டும். இருட்டில் படி முடிந்துவிட்டதா என்று சொல்வது கண் அல்ல, அந்த நீட்டம்தான்.

ஆங்கர் போல்ட்டை கிரானைட்டிலோ டைல்ஸிலோ மட்டும் இறக்கினால் ஆடிவிடும். கல்லைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் 8 செ.மீ. போக வேண்டும், ஸ்லாப் ஓரத்திலிருந்து 6 செ.மீ.யாவது உள்ளே. செங்கல் சுவரென்றால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி இறுக்கும் போல்ட்). வேலை முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து இடுப்பால் சாய்ந்து தள்ளிப் பாருங்கள். அசைந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக் கைப்பிடி வைத்திருப்பவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். துடைக்கும் தண்ணீர் தேங்கும் அடித்தட்டில்தான் துரு தின்கிறது, சுத்தியலால் தட்டினால் தெரிந்துவிடும். நாகை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் 304 தர எஸ்.எஸ். கூடத் துருப்புள்ளி விடும். அங்கே 316 கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் ஊர் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர். வெளியேறும் வழி சரியாக இல்லாததன் விலை கும்பகோணத்துக்குத் தெரியும். படியடியில் நிற்கும் ஸ்கூட்டி, லேண்டிங்கில் செருப்பு அலமாரி, பூந்தொட்டி எதையும் விட்டுவைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் எங்கள் வெளிப்படி முழுக்கப் பாசி. உள்படி பாலிஷ் கிரானைட், ஈரத்தில் வழுக்குகிறது.
– வாசகி, மன்னார்குடி

பாசிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கால் மணி ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். மழைக்காலம் முழுதும் பத்து நாளுக்கு ஒரு முறை. பாத்ரூம் ஆசிட்டை இதனுடன் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். பாசி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் எங்கிருந்தோ தண்ணீர் ஒழுகுகிறது. மேல்தொட்டி ஓவர்ப்ளோ குழாயைப் பாருங்கள்.

கிரானைட்டை மாற்ற வேண்டாம். விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே தொடங்கி, 3 மி.மீ. அகலமும் 2 மி.மீ. ஆழமுமாக மூன்று கோடு, ஒன்றரை செ.மீ. இடைவெளியில் மெஷினால் வெட்டச் சொல்லுங்கள். மணல்தாள் போன்ற ஒட்டும் பட்டையும் நல்லதே, ஆனால் கல்லைத் தின்னரால் துடைத்து நன்றாகக் காயவைத்து ஒட்டாவிட்டால் ஒரு மாதத்தில் ஓரம் கிளம்பி அதுவே காலைத் தடுக்கும். படி துடைப்பதைக் காலை பள்ளி, ஆபீஸ் நேரத்தில் வைக்காமல் பதினோரு மணிக்கு வையுங்கள். ஒரு பாதி காய்ந்த பிறகு மறு பாதி. கார்த்திகைக்குப் படிதோறும் அகல் வைப்பதை விட வேண்டாம். தட்டில் வைத்து, சுவரோரமாக வையுங்கள். சிந்திய எண்ணெயை அன்றிரவே சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் துடைத்துவிடுங்கள்.

பொது மின்கட்டணத்தைப் பகிர்வதில் தகராறு. அதனால் படியில் இரவில் விளக்கே இல்லை.
– வாசகர், நாகப்பட்டினம்

5 வாட் எல்.இ.டி. ஒன்று தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.8 யூனிட். நான்கு தளம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7.2 யூனிட். தகராறு செய்யும் அளவுக்குத் தொகை இல்லை. ஒவ்வொரு லேண்டிங்கிலும் இந்தச் சிறு விளக்கு இரவு முழுதும் எரியட்டும், ஆள் வரும்போது கூடுதல் வெளிச்சம் தர சென்சார் விளக்கு ஒன்று. சென்சாரை 30 வினாடியில் வைத்துவிடுவார்கள். மெதுவாக ஏறுபவர் நடுப்படியில் இருக்கும்போது அணைந்தால் விளக்கே இல்லாததைவிட மோசம். இரண்டு நிமிடமாவது வையுங்கள். இறங்குபவரின் கண்ணில் நேராக அடிக்காமலும், அவர் நிழல் அவருக்கு முன்னாலேயே விழாமலும் விளக்கைப் பொருத்த வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு உங்கள் மாவட்டம் எத்தனை இருட்டு நாட்களைக் கண்டது என்று நினைவிருக்கும். லேண்டிங் விளக்குகளில் குறைந்தது இரண்டு, பேட்டரியோடு சேர்ந்ததாக இருக்கட்டும்.

வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் மொட்டை மாடியில் குடிக்கிறார்கள். பூட்டிவிடலாமா?
– வீட்டு உரிமையாளர், பட்டுக்கோட்டை

தீ விபத்தில் மேலே தப்பிக்கவும் அந்த வழி வேண்டும். அதனால் பூட்டைவிட, கைப்பிடிச் சுவரை 1 மீட்டருக்குக் குறையாமல் உயர்த்துவதும், அதன்மேல் உட்கார முடியாதபடி உட்பக்கம் சரிவாகப் பூசுவதும் பயன் தரும். பொது இடத்தில் குடிக்கக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதைவிட அவசியம், குடித்துவிட்டால் ஒருவர் தனியாகப் படி இறங்கக்கூடாது என்று அவர்களிடமே முகம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வயதில் நண்பன் சொன்னால் கேட்பார்கள்.

இப்படி மரணம் நேர்ந்தால் சட்டப்படி யார் பொறுப்பு? சாலை விபத்துக்குக் கிடைப்பது போல் இலவச சிகிச்சை உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

படிக்கட்டு பொதுப்பகுதி. அதைப் பராமரிப்பது உரிமையாளர் சங்கத்தின் வேலை. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 பொதுப்பகுதி நிர்வாகத்தைச் சங்கத்திடம்தான் ஒப்படைக்கிறது. புதுக் கட்டடம் என்றால் பில்டரையும் கேட்கலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை எழுதிக் கொடுத்த 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். கோணல் படியும் ஆடும் கைப்பிடியும் வேலைத்தரக் குறைகள்தான். கடிதத்தோடு அளவுத் தாளையும் புகைப்படத்தையும் இணையுங்கள்.

மரணம் நேர்ந்தால் போலீஸ் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ஆவது பிரிவில் (முன்பு சி.ஆர்.பி.சி. 174) விசாரிக்கும், பிரேதப் பரிசோதனை நடக்கும். அவர்கள் பார்க்கும் முன் படியைக் கழுவாதீர்கள். விளக்கு எரிந்ததா, படி ஈரமாக இருந்ததா, கைப்பிடி உடைந்திருந்ததா என்று அன்றே படமெடுத்து எழுதி வையுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துகளுக்கு மட்டும்தான். படியில் விழுந்தவருக்கு அரசு மருத்துவமனையின் வழக்கமான இலவச சிகிச்சை உண்டு. தனிநபர் விபத்துக் காப்பீட்டில் போதையில் நேர்ந்ததற்கு இழப்பீடு பெரும்பாலும் மறுக்கப்படும். குடும்பத்தார் பாலிசியை இப்போதே படித்துப் பார்ப்பது நல்லது.

அப்பாவுக்கு 78 வயது, மதுவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் விடியற்காலையில் கோயிலுக்குப் போகப் படி இறங்கும்போது தள்ளாடுகிறார். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் சாப்பிடுகிறார்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் எல்லாம் காலை வரை உடம்பில் தங்கித் தள்ளாட்டம் தரும். ரத்தக்கொதிப்பு மாத்திரையால் எழுந்து நின்றதும் அழுத்தம் தாழலாம். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பி.பி. பாருங்கள், மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தையோ அளவையோ அவர் மாற்றுவார். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், தலையில் சிறு அடி பட்டாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் இரண்டு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் சேர்ந்த கண்ணாடி போட்டுக்கொண்டு படி இறங்கினால் கீழ்ப்பகுதி வழியே படி மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று வாங்கி வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள். பூக்கூடையைத் தோள்பையில் போட்டுவிட்டால் இரண்டு கையும் கைப்பிடிக்குக் கிடைக்கும்.